ஒரு சாண் காற்று

மலாக்காவில் கடலை மண் போட்டுத் தூர்த்து அப்பால் தள்ளுவதற்கு முன்பு, அதாவது கடல் இன்னும் வீடுகளின் பின்வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் காலத்தில், அசாம் பாயா என்றொரு கம்பத்தில் (கிராமத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) நவநீதம் என்றொரு கைம்பெண் இருந்தாள். கெபாயாச் சட்டைகளின் ஓரத்தில் பூவேலை செய்வது அவள் பிழைப்பு, ஜோகெட் ஆடுவது அவள் உயிர், இரண்டிலும் அந்தக் கரையோரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், தெரியாதது போல நடந்துகொள்ளும் நாகரிகம் இரு தரப்பிலும் இருந்தது.

அசாம் பாயாவில் பாதி வீடுகள் மலாய்க்காரர்களுடையவை, பாதி செட்டிகளுடையவை. செட்டி என்றதும் காரைக்குடியை நினைப்பவர்கள் அந்த நினைப்பைக் கொஞ்சம் ஓரமாக வைக்கலாம். இவர்கள் சுல்தான்கள் ஆண்ட காலத்திலேயே கப்பலேறி வந்து, வந்த இடத்தில் பெண்ணெடுத்து, மாரியம்மனை விடாமல் தமிழை மட்டும் விட்டுவிட்ட வணிகர்களின் வழி வந்தவர்கள். சாமி தமிழ்ச் சாமி, பெயர் தமிழ்ப் பெயர், அண்ணே, தம்பி, தங்கச்சி, அத்தை வரை முறையும் தமிழ், மற்றபடி பேச்சு மலாய். ஆகவே இந்தக் கதையில் யாரும் தமிழில் பேசவில்லை. பேசியதாக வருவதெல்லாம் படிப்பவர் வசதிக்காக மாற்றியது, சுவை குறைந்திருந்தால் அது மாற்றியதன் குறை.

ஜோகெட்டைப் போர்த்துகீசியர் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள் என்பது ஒரு கட்சி. இங்கே ஏற்கெனவே இருந்த ஆட்டத்துக்கு அவர்கள் வயலினை மட்டும் சேர்த்தார்கள் என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் ஆடத் தெரிந்தவர்கள் குறைவு. ஆடத் தெரிந்தவர்களுக்கு வேண்டியது ஒரே விதிதான். ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று, வயலின் இழுக்க, ரெபானா மேளம் விரட்ட, நெருங்கி, விலகி, முழங்கால் மடித்து, தோள் குலுக்கி, ஒருவரை ஒருவர் சுற்றிவந்து, முகத்துக்கு முகம் சிரித்து ஆட வேண்டும், தொடக்கூடாது. விரல் நுனி கூடாது, சால்வையின் விளிம்பும் கூடாது. தொடும் தூரம் வரை போய், தொடப்போகிறார்கள் என்று பார்ப்பவர்கள் மூச்சைப் பிடிக்கும்போது, தொடாமல் திரும்பிவிடுவதுதான் வித்தை. கத்துக்குட்டிகள் ஒரு முழம் விட்டு ஆடுவார்கள். தேர்ந்தவர்கள் இரண்டு சாண். நவநீதமும் தாண்டவராயனும் ஒரு சாண்.

தாண்டவராயன் என்று பெயர் வைத்த பெற்றோர் அதை யோசித்து வைத்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் வாலிப வயது வரை அவர் ஒரு திண்ணை அகலப் பலகையில் நேராக நடப்பதற்கே சிரமப்பட்டவர். நவநீதத்துக்கு எதிரே ஒரு கல்யாணத்தில் தற்செயலாகத் தள்ளிவிடப்பட்ட அன்றுதான் அவருக்குக் கால் இருப்பது அவருக்கே தெரியவந்தது. அதற்குள் நவநீதத்துக்குச் சபாபதியோடு நிச்சயம் ஆகியிருந்தது. அதனால் என்ன, ஆட்டத்துக்கும் நிச்சயத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஊர் சொன்னது. சபாபதியும் அதையே சொன்னார். அவர் ஜோகெட் குழுவில் வெண்கலக் கோங் அடிப்பவர், மனைவியும் தாண்டவராயனும் ஆடும்போது சரியான இடத்தில் சரியாக அடித்து, அவர்களுக்கு நடுவில் இருந்த அந்த ஒரு சாண் இடைவெளியைப் பெருமையோடு பார்த்துக்கொண்டே வாழ்ந்து, ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். தாண்டவராயன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தண்ணீர் இலாகாவில் வீடு வீடாக மீட்டர் பார்க்கும் வேலை பார்த்தார். நவநீதம் ஊரில் எல்லோரையும் ஏதாவது ஒரு முறை சொல்லிக் கூப்பிடுவாள். அவரை மட்டும் எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இந்தாங்க’ என்பாள். ஊர் இதைக் குறித்து வைத்துக்கொண்டு, இருபது முப்பது வருஷமாக நல்லெண்ணத்தோடு வம்பு பேசி வந்தது.

அர்ச்சுனன் பிள்ளையின் மகள் இந்திராணிக்குக் கல்யாணம் நடந்த அன்றுதான் அது நடந்தது. அர்ச்சுனன் பிள்ளை கம்பத்துச் செட்டிகளின் தலைவர், கோயில் சாவியும் பொதுக்கூடத்துச் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும். பொதுக்கூடம் என்பது நான்கு பக்கமும் திறந்த, தகரக் கூரை போட்ட, பலகைத் தரை கொண்ட ஒரு பெரிய பாலாய்; மலாய்க்காரர் கல்யாணமும் செட்டிகள் கல்யாணமும் அங்கேதான். விருந்து முடிந்து, வெயில் சாய்ந்து, கடல் காற்று வீசத் தொடங்கிய வேளையில் குழுவின் மூத்தவர் பாக் சமாட் வயலினைத் தாடைக்குக் கீழே வைத்தார், நவநீதமும் தாண்டவராயனும் எழுந்தார்கள், அன்று அவர்கள் ஆடியதைப் பார்த்தவர்கள் பிறகு அதைப் பற்றிப் பேச முயன்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். பாட்டு முடிந்தது. இருவரும் ஒருவருக்கொருவர் தலை வணங்கி, அவர் தண்ணீர் குடிக்க ஒரு பக்கம் போனார், அவள் முகம் துடைக்க ஒரு பக்கம் போனாள். அவர்களுக்கு நடுவில் இருந்த இடைவெளி போகவில்லை.

முதலில் கண்டுபிடித்தது மாப்பிள்ளையின் சித்தப்பா. தட்டு நிறைய டோடோல் அல்வா அடுக்கி எடுத்துக்கொண்டு நேராக நடந்தவர், கூடத்தின் நடுவில் வந்ததும், வாசலில் பெரியவர் ஒருவர் எதிர்ப்பட்டால் ஒதுங்குவோமே, அப்படி ஒதுங்கினார். ஒதுங்கி நடந்தபிறகுதான், எதற்கு ஒதுங்கினோம் என்று திரும்பிப் பார்த்தார், ஒன்றுமில்லை. மறுபடி நேராக நடந்தார், மறுபடி ஒதுங்கினார். அது சுவர் போலத் தடுக்கவில்லை, கண்ணாடி போல மோதவில்லை. கிட்டே போனால் உடம்புக்கே ஒரு மரியாதை வந்து தானாகத் திரும்பிக்கொண்டது. சாம்பிராணிப் புகை அதைத் தொட்டதும் இரண்டாகப் பிரிந்து வளைந்தபோது அதன் வடிவமும் தெரிந்தது: ஆள் உயரம், ஒரு சாண் அகலம், ஒரு பக்கம் நவநீதத்தின் இடுப்பு வளைவு, மறுபக்கம் தாண்டவராயனின் கொஞ்சம் முன்தள்ளிய தொந்தி. பாக் சமாட் சும்மா பார்ப்போமே என்று வயலினில் இரண்டு இழுப்பு இழுத்தார். அது லேசாக அசைந்தது. புகை அசைந்த விதத்தை வைத்துச் சொன்னால், ஆடியது.

அசாம் பாயாக்காரர்கள் இப்படிப்பட்ட விஷயங்களில் பதறுகிறவர்கள் அல்ல. கோயில் பண்டாரம் வந்து பார்த்துவிட்டு, சிதம்பரத்தில் திரையை விலக்கினால் ஒன்றுமில்லாததைத்தான் காட்டுகிறார்கள், அதையே அத்தனை பேர் கும்பிடும்போது இதற்கென்ன என்றார். அவர் சிதம்பரம் போனவரில்லை, ஆனாலும் சொன்னது சரிதான். பள்ளிவாசல் இமாம் இரண்டு பக்கமும் நின்று பார்த்து, இந்தக் கூடத்தில் நடந்த பல காரியங்களைத் தாம் ஆட்சேபித்தது உண்டு, ஆணையும் பெண்ணையும் ஒரு சாண் தள்ளி வைக்கிற ஒன்றை ஆட்சேபிக்கத் தமக்குக் காரணம் தெரியவில்லை என்றார். தௌக்கே என்று ஊர் கூப்பிடும் மளிகைக்கடைச் சீன முதலாளி எதற்கும் இருக்கட்டும் என்று ஊதுவத்தி ஏற்றி வைத்து, அதற்குப் பிறந்த நாள் எது என்று கேட்டு, கல்யாணத் தேதியைக் குறித்துக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. கூடம் பெருக்குகிற பெண்கள் அதைச் சுற்றிப் பெருக்கினார்கள். கூரை ஒழுகும்போது மழைத்துளி அதன் தலைக்கு மேல் வந்து, யோசித்து, தள்ளி விழுந்தது. பூனை ஒன்று தினமும் மத்தியானம் அதன் காலடியில் படுத்து, காலில் உரச முயன்று, நாகரிகமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

பிறகு பயன்கள் தெரியவந்தன. சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டியை ஆளுக்கொரு பக்கம் உட்காரவைத்தால், கை ஓங்கினாலும் கை திரும்பிவிடும், வேறு வழியில்லாமல் பேசுவார்கள், பேசிப் பேசிச் சிரித்துவிடுவார்கள். வேலித் தகராறு பிடித்த அண்டை வீட்டார் இருவர் அதன் முன்னால் சமாதானம் ஆனார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித்தர அதைவிட நல்ல வாத்தியார் கிடைக்கவில்லை. அதன் எதிரே ஆடியவர்கள் இடைவெளி விடப் படிக்காமலே படித்துக்கொண்டார்கள். அக்கம்பக்கத்துக் கம்பங்களிலிருந்து கல்யாண ஜோடிகள் வந்து அதற்கு முன் நின்று வணங்கிப் போனார்கள். அசாம் பாயாவுக்கு வரலாற்றில் முதல்முறையாகக் கொஞ்சம் கர்வம் வந்தது, கர்வம் வந்த ஊருக்கு அடுத்து வருவது காவல் என்பதை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள்.

நவநீதம் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. தன் உடம்பின் ஒரு பக்கத்தை ஊர் கழற்றி மாட்டி வைத்துப் பார்ப்பது போல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அப்படி இருக்கையில் ஒரு காலைப்பொழுது தாண்டவராயன் அவள் வீட்டு மீட்டர் பார்க்க வந்தார். குழாயடியில் குந்தி உட்கார்ந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மீட்டரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“இந்த மாசமும் தண்ணி கம்மியாத்தான் ஓடியிருக்கு,” என்றார். “ஒரு ஆளுக்குத்தானே.”

“ஆமா.”

“ரெண்டு ஆளுக்கு ஓடினா இந்த முள்ளு எப்படிச் சுத்தும்னு பார்க்கணும்னு எனக்கு ஒரு ஆசை.”

நவநீதம் கையிலிருந்த ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டாள். “ஆசையை மீட்டர்கிட்டச் சொல்றீங்களா, என்கிட்டச் சொல்றீங்களா?”

“மீட்டர்கிட்டச் சொல்லிப் பழகிருச்சு. சபாபதி போனதுலேர்ந்து மாசாமாசம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். அது ஒண்ணும் பதில் சொல்லலை.”

அடுத்த முறை மீட்டர் பார்க்க வரும்போது பதில் சொல்வதாக அவள் சொன்னாள். அவர் எழுந்து, தலையை ஆட்டி, அடுத்த வீட்டு மீட்டரைப் பார்க்க மறந்து நேராகக் கடற்கரைக்குப் போய்விட்டார்.

அன்று முழுவதும் அவளுக்கு ஊசி ஓடவில்லை. சரி என்று சொல்ல அவளுக்கு ஆசை இருந்தது, அந்த ஆசைக்கு அவள் வயது இருந்தது. ஆனால் அவள் யாரிடமும் சொல்லாத பயம் ஒன்றும் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு சாண்தான். வீடு மாமனார் கட்டியது, நகை தாயார் போட்டது, பூவேலை போட்ட கெபாயா எல்லாம் மற்றவர் உடம்புக்குப் போவது. தொடாமல் இருக்கும் வரை அவர் எங்கே கால் வைப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டும் அவளுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்று, குறட்டை விட்டு, துண்டைக் காணோம் என்று கத்துகிற ஒரு ஆளோடு அப்படி ஆட முடியுமா? கையைப் பிடித்தால் ஆட்டம் போய்விடும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது, ஆட்டம் போனால் தான் என்ன மிச்சம் என்று தெரியவில்லை.

ஊருக்கு வேறு பயம். மீட்டர் விஷயம் எப்படித் தெரிந்ததோ, மறுநாளே தெரிந்தது. இருபது முப்பது வருஷமாக இவர்கள் தொட்டுக்கொண்டார்களா என்று ஆராய்ந்த அதே ஊர், தொட்டுவிடுவார்களோ என்று இப்போது நடுங்கியது. தொட்டால் கூடத்தில் நிற்கும் இடைவெளி என்ன ஆகும்? அது அவர்கள் தொடாததால் வந்தது, தொட்டால் போய்விடும். இதற்குப் பண்டாரமும் தேவையில்லை, இமாமும் தேவையில்லை, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். அர்ச்சுனன் பிள்ளை நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, மழை பற்றிப் பேசி, கடைசியில், நாங்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்றுதான் சொல்கிறோம் என்றார். அவர் போனபிறகு இந்திராணி பின்வாசல் வழியாக வந்தாள். வயிற்றில் பிள்ளை. கல்யாணமான புதிதில் அவளும் புருஷனும் பிரிந்துவிடுவதாக இருந்து, அந்த இடைவெளிக்கு இரு பக்கமும் உட்கார்ந்து பேசித்தான் சேர்ந்தார்கள்.

“அத்தே, பிள்ளை பொறக்கிற வரைக்கும் மட்டும்,” என்றாள். “அது இல்லாம அவர் மறுபடி கிளம்பிப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?”

நவநீதம் அவள் தலையைத் தடவி, சரி என்றாள். சொன்ன மாத்திரத்தில் தன் மனதுக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்ததை அவள் கவனித்தாள். கவனித்தும் கவனிக்காதவள் போல அரிசி களையப் போனாள்.

தாண்டவராயன் மீட்டர் பார்க்க வந்தபோது, ஊரில் இப்போது வேண்டாம் என்கிறார்கள் என்றாள். நீ என்ன சொன்னாய் என்று கேட்டார். சரி என்றேன் என்றாள். அவர் முள்ளைப் பார்த்தார், எழுந்து போனார், அன்றைக்கு அடுத்த வீட்டை மறக்கவில்லை.

அதன்பிறகு ஊர் அவர்களைப் பாதுகாத்தது. சந்தையில் அவர்கள் எதிர்ப்பட்டால் யாராவது ஒருவர் நடுவில் கூடையோடு வந்து நின்றார். பஸ்ஸில் கண்டக்டர் ஒருவரை முன்னால் ஏற்றி மற்றவரைப் பின்னால் ஏற்றினார். கோயிலில் திருநீறு கொடுக்கும்போது பண்டாரம் இடையில் நடந்துபோய் இரண்டு தரம் கொடுத்தார். எல்லாம் அன்பாக, சிரித்துக்கொண்டே, தாம்பூலத் தட்டை நீட்டுகிற பணிவோடு. நவநீதமும் சிரித்தாள்.

இடைவெளி பெரிதாகிக்கொண்டிருந்ததை முதலில் பார்த்தவளும் அவள்தான். பூவேலைக்காரிக்குச் சாண் என்பது கண்ணிலேயே இருக்கும். ஒரு சாயங்காலம் கூடத்தைக் கடந்தபோது புகை பிரிகிற இடம் ஒரு சாணாக இல்லை, ஒன்றரைச் சாண் இருந்தது. பிறகு ஒரு முழம். அவள் யாரிடமும் சொல்லவில்லை; சொன்னால் காரணம் கேட்பார்கள். அது கதவகலம் ஆனபோதுதான் பெருக்குகிற பெண்கள் கவனித்தார்கள், நம்முடைய இடைவெளி வளர்கிறது என்று ஊர் மகிழ்ந்து பாயசம் வைத்தது. பாக் சமாட் மட்டும் பாயசம் சாப்பிடவில்லை. தன் வீட்டு வாசலில் வயலின் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தவர், வழியில் போன அவளைக் கூப்பிட்டார்.

“நவா, நான் அம்பது வருஷமா வாசிக்கிறேன். வில்லைக் கம்பிக்கு மேல ஒரு விரல் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இழுத்தா பார்க்க ரொம்ப அழகா இருக்கும்.”

“கேக்க?”

“கேக்க ஒண்ணும் இருக்காது,” என்று சொல்லிவிட்டு அவர் கம்பியைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

மழைக்காலம் தொடங்கியபோது இடைவெளி கூடம் முழுவதும் நிறைந்துவிட்டது. உள்ளே நுழையப் போனவர்கள் படியிலேயே மரியாதையாகத் திரும்பினார்கள், அந்த வருஷக் கல்யாணங்களைத் தெருவில் நடத்தினார்கள். பிறகு அது படியிறங்கியது. எப்போது இறங்கியது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அது வந்துசேர்ந்த வீடுகளில் சத்தம் குறைந்ததே தவிர எதுவும் உடையவில்லை. ஆட்கள் சந்தையில் எதிர்ப்பட்டால் இருவரும் ஒரே சமயத்தில் ஒதுங்கி, நீங்கள் போங்கள், இல்லை நீங்கள் போங்கள் என்று நின்று, கடைசியில் இருவரும் திரும்பி வீட்டுக்குப் போனார்கள். தௌக்கே மிச்சச் சில்லறையைக் கையில் கொடுக்க முடியாமல் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டியவர்கள் நடுவில் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு நிற்பதைக் கண்டு இமாம் தாம் முன்பு சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டார். புருஷன் பெண்டாட்டிகள் சண்டையை நிறுத்திவிட்டார்கள், மற்றதையும் நிறுத்திவிட்டார்கள். ஊர் முழுக்க ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியில் மிதப்பது போல எல்லோரும் மெதுவாக, அழகாக, ஒருவரை ஒருவர் தவிர்த்து மிதந்தார்கள்.

அப்போது இந்திராணிக்குப் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை, நல்ல குரல். மருத்துவச்சி அதைத் துடைத்துத் தாயிடம் கொடுக்க நீட்டினாள், கை திரும்பியது. மறுபடி நீட்டினாள்; இந்திராணியின் கையும் நீண்டது, நீண்டு, பக்கத்தில் தலையணை மேல் போய் விழுந்தது. பிள்ளையை ஒரு முறத்தில் கிடத்தி மெதுவாகப் படுக்கை வரை தள்ளினார்கள், முறம் போன தூரம் வரை பிள்ளை போனது, ஒரு சாண் மிச்சத்தில் முறம் நின்றுவிட்டது. பிள்ளை அழுதது. பால் கட்டிக்கொண்ட மார்போடு இந்திராணி அந்த ஒரு சாணைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் அழவில்லை, அழுதால் யாராவது தேற்ற வருவார்கள், வந்து பாதியில் ஒதுங்குவார்கள், அதைப் பார்க்க அவளால் முடியாது.

அர்ச்சுனன் பிள்ளை மழையில் நனைந்துகொண்டு நவநீதத்தின் வாசலுக்கு வந்தார். படியேற முடியாமல் முற்றத்திலேயே நின்றார். பிள்ளையைப் பற்றிச் சொன்னார்.

“இப்ப வேணுமா, அண்ணே?” என்றாள் நவநீதம்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அதற்குமேல் அவரைக் கேட்கவில்லை, ஏனென்றால் அந்தக் கேள்வியில் பாதி அவளைப் பார்த்துத்தான் இருந்தது.

கை நீட்டித் தொட்டுவிட்டால் முடிந்தது என்று ஊர் நினைத்தது. அப்படி முடியவில்லை. தாண்டவராயன் கடற்கரைப் பக்கமிருந்து வந்தார், அவள் கோயில் பக்கமிருந்து வந்தாள், கூடத்துக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவருமாக நின்றுவிட்டார்கள். ஒரு அடி முன்னால் வைத்தால் கால் தானாகத் திரும்பியது. நேராக நடந்து பார்த்தார்கள், ஓடிப் பார்த்தார்கள், அவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகக்கூட நடந்து பார்த்தார். பாக் சமாட் ஒரு வேப்பமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஜோகெட்டில் எவனாவது நேராகப் போய்ச் சேர்ந்திருக்கிறானா என்று எரிச்சலோடு கேட்டு, வயலினைப் பெட்டியிலிருந்து எடுத்தார். ரெபானாக்காரர்கள் ஆளுக்கொரு மரத்தடியைப் பிடித்துக்கொண்டார்கள். மழை விட்டிருந்தது. பின்மத்தியான வெயில் ஈரத்தின் மேல் விழுந்து ஊரே வெந்நீர் போல ஆவி விட்டது.

அவள் ஆடினாள். ஒரு தெருவுக்கு அப்பால் அவரும் ஆடினார். நெருங்கினார்கள், இடைவெளி தள்ளும் முன்பே தாங்களாக விலகினார்கள்; விலகியதைக் கண்டு இடைவெளி கொஞ்சம் அசந்தது, அடுத்த நெருக்கத்தில் ஒரு விரற்கடை இடம் கிடைத்தது. பக்கவாட்டில் சுற்றினார்கள், முழங்கால் மடித்துத் தாழ்ந்து எழுந்தார்கள், எழும்போது இன்னொரு விரற்கடை. ஊர் வேலியோரங்களில் ஒருவரை ஒருவர் தவிர்த்து நின்று பார்த்தது. படியேறினார்கள். பலகை மேல் அவர்கள் கால் சத்தம் கேட்கத் தொடங்கியது. கூடத்தின் இரு கோடியிலிருந்து அவர்கள் ஆடி ஆடி வர, அந்த மகா பெரிய ஒன்றுமில்லாதது அவர்களுக்கு நடுவில் மடிந்து மடிந்து, பத்தாள் அகலமாகி, கதவகலமாகி, முழமாகி, கடைசியில் ஒரு சாண் ஆயிற்று. அவர் மூச்சு அவள் நெற்றியில் பட்டது. வெயில் சாய்ந்து அந்த ஒரு சாணுக்குள் நுழைந்து நின்றது, அதில் தூசி தங்கமாக மிதந்தது, இதற்கு முன் தாங்கள் இவ்வளவு நன்றாக ஆடியதில்லை என்றும் இதற்குப் பின் ஆடப்போவதில்லை என்றும் நவநீதத்துக்குத் தெரிந்தது.

ஊரும் அதைத்தான் பார்த்தது. பழைய அளவுக்கு வந்துவிட்டதே, இது போதுமே, வேலியோரத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அர்ச்சுனன் பிள்ளையின் கை தானாகவே எழுந்து, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது போலச் சைகை காட்டியது. இப்படியே தலை வணங்கி விலகிவிட்டால் எல்லாம் பழையபடி. கூடம் இருக்கும், பெருமை இருக்கும், சண்டைக்காரர்கள் சேர்வார்கள், அவளுக்கும் அவளுடைய ஒரு சாண் இருக்கும். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, தன் முகத்துக்கு நேரே, முப்பது வருஷமாகச் சிரித்த முகத்தைப் பார்த்தாள். நெருக்கத்தில் அதன் ஒரு புருவம் நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு சாண் தூரத்திலிருந்து அவள் அவர் காலைத்தான் பார்த்து வந்திருந்தாள்.

நடுப்பாட்டில், எல்லா விதிக்கும் விரோதமாக, அவள் கையை நீட்டினாள்.

அவர் கை விலகியது. அது இடைவெளியின் வேலை அல்ல, பழக்கத்தின் வேலை. முப்பது வருஷம் விலகிய கைக்கு விலகாமல் இருக்கத் தெரியவில்லை. அவள் மறுபடி நீட்டினாள், அவர் உடம்பு அழகாக வளைந்து தப்பியது, முகம் மட்டும் திகிலோடு அவளைப் பார்த்தது. கூடத்தைச் சுற்றி ஒரு வட்டம் அவள் அவரைத் துரத்தினாள். மூன்றாம் தரம் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பாக் சமாடின் வில் கம்பியை விட்டு வழுக்கி ஒரு அசிங்கமான சத்தம் போட்டது.

வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வேலியோரத்தில் இத்தனை நாளாக ஒருவரை விட்டு ஒருவர் சாய்ந்தே நின்று பழகியவர்கள், சாய்வதற்கு எதுவும் இல்லாமல் போய், அப்படியே பக்கத்து ஆள் மேல் விழுந்தார்கள். இமாம் பண்டாரத்தின் மேல் விழுந்தார், தௌக்கே ரெபானாவின் மேல் விழுந்தார், வருஷக்கணக்காகப் பேசாத இரண்டு ஓரகத்திகளின் தலைகள் மோதிக்கொண்டன, உடனே சண்டை ஆரம்பித்தது, கேட்கவே சந்தோஷமாக இருந்தது. அர்ச்சுனன் பிள்ளையின் வீட்டிலிருந்து பிள்ளை அழுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது; சட்டென்று வாயில் எதையோ வைத்தது போல அது நின்றது.

“உன் கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?” என்றார் தாண்டவராயன்.

“பயம்,” என்றாள். “உங்க கை ஏன் இப்படிச் சொரசொரன்னு இருக்கு?”

“மீட்டர் மூடி எல்லாம் துருப்பிடிச்சது,” என்றார் அவர்.

கல்யாணம் சிறியதாக நடந்தது. கூடத்தில் இப்போது ஒன்றுமில்லை, அதாவது எல்லாக் கூடங்களிலும் இருப்பதுபோல வெறுமனே ஒன்றுமில்லை. பூனை மட்டும் சில நாள் அந்த இடத்தில் படுத்து, உரசிப் பார்த்து, விழுந்து, அவமானப்பட்டு வேறிடம் போனது. ஊர் கொஞ்சநாள் முணுமுணுத்தது. இந்திராணியின் புருஷன் ஒரு தடவை கிளம்பிப் போனான், பஸ் நிற்கும் இடம் வரை போய், பிள்ளையின் சட்டை ஒன்று தன் பையில் வந்துவிட்டதைப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வந்தவன் அப்புறம் போகவில்லை. நவநீதம் சில சாயங்காலங்களில், பல் விழுந்த இடத்தைத் தேடிப் போகும் நாக்குபோல, அந்த ஒரு சாணைத் தேடினாள். குறட்டை அவள் நினைத்ததைவிட மோசமாக இருந்தது.

அடுத்த வருஷம் தௌக்கேயின் மகன் கல்யாண விருந்தைக் கூடத்தில் வைத்தபோது, ஊர் அவர்களை ஆடச் சொன்னது. எழுந்து ஆடினார்கள். அவர் எங்கே கால் வைப்பார் என்று அவளுக்குத் தெரியவில்லை, அவள் எப்போது விலகுவாள் என்று அவருக்குத் தெரியவில்லை. தோளில் இடித்துக்கொண்டார்கள், சால்வை அவர் சட்டைப் பொத்தானில் மாட்டியது, பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியவர்கள் மரியாதைக்குக் கைதட்டினார்கள். ரொம்ப மோசம் என்று பாக் சமாட் வாசித்துக்கொண்டே உரக்கச் சொன்னார். பாட்டு வேகமெடுத்தது, அவள் முன்னால் வந்து, திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல், முழுக் கனத்தோடு அவர் பாதத்தின் மேல் கால் வைத்தாள்.

“மிதிச்சிட்டே,” என்றார் அவர்.

“ஆமா,” என்றாள் நவநீதம். காலை எடுக்கவில்லை.